ரெஸ்யூம்ல இருந்தது என் நம்பரே இல்ல: 11 மாசம் வேலை தேடினப்போ நான் பட்டது

வேலை போன நாள்லேர்ந்து அடுத்த வேலை கைக்கு வர்றதுக்கு எனக்கு 11 மாசம் ஆச்சு. அதுல முழுசா மூணு மாசம், ரெஸ்யூம்ல என் போன் நம்பர்ல ரெண்டு டிஜிட் இடம் மாறிக் கிடந்ததாலயே போச்சு. யாராவது ஒருத்தர் முன்னாடியே "அந்த நம்பருக்கு நீயே ஒரு தடவை போன் பண்ணிப் பாரு"ன்னு சொல்லியிருந்தா போதும். சொல்ல ஆளில்ல, எனக்கும் தோணல. இப்ப வேலை தேடிட்டு இருக்கறவங்க யாராவது இதப் படிச்சு அந்த ஒரு போனை மட்டும் பண்ணிட்டாக் கூட எனக்கு நிம்மதி. அதனால நடந்தத நடந்தபடியே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் பர்ச்சேஸ்ல 7 வருஷம் இருந்தவ. மெட்டீரியலுக்கு ஆர்டர் போடறது, வெண்டர் பின்னாடியே அலைஞ்சு சரக்க வரவழைக்கறது, மாசக் கடைசியில ஸ்டாக் எண்ணி கணக்கோட டேலி பண்றது, இதுதான் வேலை. ஒரு நாள் எங்க பிரிவையே மூடறோம்னு சொல்லி கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க. கையில வந்த பணம் மூணு மாசம் தாங்கும், அதுக்குள்ள கிடைச்சிடும்னு ரொம்பவே நம்பினேன், 7 வருஷ அனுபவம் இருக்கே, எவன் வேணாம்பான்னு. பழைய ரெஸ்யூம எடுத்தேன். படிச்சு முடிச்ச சமயத்துல ஒரு சீனியர்கிட்ட வாங்கின ஃபார்மட் அது, அதுலயே அப்பப்ப கடைசியில ஒட்டி ஒட்டி 4 பக்கம் ஆகியிருந்துச்சு. மேல பெருசா கரிக்குலம் வீட்டேன்னு தலைப்பு, அதுக்குக் கீழ "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்"ங்கற மாதிரி ஒரு ஆப்ஜெக்டிவ், அப்புறம் படிப்பு, பொழுதுபோக்கு, என் உயரம் வரைக்கும் இருந்துச்சு. 7 வருஷ வேலை மூணாவது பக்கத்துலதான் ஆரம்பிக்கும். அப்ப அது எனக்குத் தப்பாவே தெரியல.

முதல் நாலு மாசத்துல 212 இடத்துக்கு அப்ளை பண்ணேன். எண்ணிக்கை ஞாபகம் இருக்கறதுக்குக் காரணம், ஒரு ஷீட் போட்டு தினமும் ராத்திரி எழுதி வச்சிட்டு வந்தேன், அந்த நம்பர் ஏற ஏற ஏதோ உழைக்கற மாதிரி ஒரு திருப்தி. உண்மையில ஒரு இடத்துக்கு ரெண்டு நிமிஷம்கூட செலவழிக்கல. விளம்பரத்துல பதவியோட பேரை மட்டும் பாக்கறது, அதே ஃபைலை அட்டாச் பண்றது, அதே கவர் லெட்டரை ஒட்டறது, அனுப்பறது. 212-க்கு வந்த போன் மூணு. அதுல ரெண்டு, எனக்கு சம்பந்தமே இல்லாத சேல்ஸ் வேலை. நான் ஆசப்பட்ட ஒரு கம்பெனிக்கு அனுப்பின லெட்டர்ல, முதல் வரியில முந்தின நாள் அனுப்பின வேற கம்பெனி பேரை மாத்தாமயே விட்டிருந்தேன்னு அனுப்பி ரெண்டு நாள் கழிச்சு சென்ட் பாக்ஸ்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. இதுல நான் ஒண்ணு சொல்லிக்கறேன், ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு அப்ளிகேஷன் போங்க, ஆனா அந்த ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம் குடுங்க. ராத்திரி 12 மணிக்கு சோர்ந்து போய் அனுப்பாதீங்க, எழுதி வச்சிட்டு காலைல எழுந்து ஒரு தடவை சத்தமா வாசிச்சுட்டு அனுப்புங்க. கண்ணு தாண்டிப் போற தப்ப வாய் பிடிச்சிடும்.

அஞ்சாவது மாசம் பயம் வந்துடுச்சு. வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா போன் அடிச்சாலே எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க, அது போதும். அந்த நேரத்துல, காசு குடுத்தா ரெஸ்யூம் எழுதித் தர்ற ஒரு இடத்துல போய் மாட்டினேன். நிச்சயமா ஷார்ட்லிஸ்ட் ஆகும்னு அடிச்சு சொன்னாங்க. என் பழைய சம்பளத்துல பாதி மாசப் பணம், இருந்த சேமிப்புலேர்ந்து எடுத்துக் கட்டினேன். ஒரு வாரத்துல வந்த ஃபைல் பாக்க அவ்வளவு அழகு. இடது பக்கம் கருநீலப் பட்டை, அதுல என் போட்டோ, போனுக்கும் மெயிலுக்கும் குட்டிக் குட்டிப் படங்கள், எக்ஸெல்லுக்கு நேரா அஞ்சு நட்சத்திரத்துல நாலு, தொடர்புத் திறனுக்கு ஒரு முக்கால்வாசி நிரம்பின கோடு. நான் அழுதுட்டேன், நிஜமா, என்னைப் பத்தி இவ்வளவு மதிப்பா ஒரு காகிதம் நான் பாத்ததே இல்லையேன்னு. அந்த மயக்கத்துல எழுத்து எழுத்தா சரிபாக்கணும்னு தோணல. என் பேர் சரியா இருக்கா, போட்டோ நல்லா இருக்கா, அவ்வளவுதான் பாத்தேன்.

காசு வாங்கறவங்கள்ல ரெண்டு வகை இருக்குன்னு பிரிச்சுப் பாத்துக்கோங்க. ரெஸ்யூம் எழுதித் தர கூலி வாங்கறது ஒரு வகை, அது தப்பில்ல, ஆனா நிச்சயமா கிடைக்கும்னு சொல்ற இடத்துக்குப் போகாதீங்க, அத யாராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணு வேலை வாங்கித் தர்றேன்னு உங்ககிட்டயே பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் கட்டணம்னு கேக்கறது. ஐநாவோட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 1997-ல கொண்டுவந்த 181-வது உடன்படிக்கையே, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிங்க பொதுவா வேலை தேடறவங்ககிட்ட நேராவோ சுத்தியோ கட்டணம் வாங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. எல்லா நாடும் அதுல கையெழுத்துப் போடல, ஆனாலும் நாம ஒரு அளவுகோலா வச்சுக்கலாம். ஆள் வேணும்ங்கறவன்தான் செலவு பண்ணணும்.

அந்த அழகான ரெஸ்யூம மூணு மாசம் அனுப்பினேன். 90 இடம் இருக்கும். ஒரு போன் வரல. பழைய குப்பை ஃபைலுக்காவது மூணு வந்துச்சு, இதுக்கு அதுவும் இல்ல. நான் என்ன நினைச்சேன்னா, என் வயசு தாண்டிடுச்சு, என் படிப்பு பத்தல, இடைவெளி விழுந்தவள எவனும் எடுக்க மாட்டான். ரெண்டு மாசம் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மூணாவது மாசக் கடைசியில ஒரு மெயில் வந்துச்சு. ரொம்ப மரியாதையா ரெண்டே வரி: உங்க விண்ணப்பம் எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, ரெண்டு நாளா கூப்பிட்டோம், வேற ஒருத்தர் எடுக்கறார், அந்த இடம் இப்ப நிரம்பிடுச்சு, நம்பரை சரிபார்த்துக்கோங்க. படிச்சதும் கை சில்லுன்னு ஆயிடுச்சு. ஃபைலத் திறந்து பாத்தா, அந்தக் கருநீலப் பட்டையில, குட்டி போன் படத்துக்குப் பக்கத்துல, நடுவுல 47 இருக்க வேண்டிய இடத்துல 74. டிசைன் பண்ணவங்க பழைய ஃபைல்லேர்ந்து காப்பி பண்ணாம கையால திரும்ப டைப் பண்ணியிருக்காங்க. மூணு மாசம் நான் தினமும் அந்த ஃபைலத் திறந்து பாத்திருக்கேன், தெரியல. நம்ம நம்பர் நமக்கு மனப்பாடம்கறதாலதான் தெரியல. கண்ணு அங்க இருக்கறத வாசிக்கறதில்ல, மனசுல இருக்கறத வாசிச்சுட்டுப் போயிடுது.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு வயசானவர் எடுத்தார். நான் என் பேரைச் சொல்லி, ஐயா, என்னைக் கேட்டு உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களான்னு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் பேசல. "ஓ, நீதானாம்மா அது! அஞ்சாறு பேர் கூப்பிட்டாங்கம்மா. ஒரு பொண்ணு மூணு தடவை கூப்பிட்டுச்சு. நான் ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லி வச்சிட்டேன். வேலை விஷயம்னு தெரிஞ்சிருந்தா நம்பரையாவது குறிச்சு வச்சிருப்பேனே"ன்னார். அவர் குரல்ல இருந்த வருத்தத்தைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியல. அஞ்சாறு பேர். என்னை யாருக்கும் வேணாம்னு நான் சுவத்தப் பாத்து உக்காந்திருந்த நாள்ல எல்லாம் என்னைத் தேடி அங்க மணி அடிச்சிருக்கு.

அதனால ரெஸ்யூம் முடிச்சதும், அனுப்பறதுக்கு முன்னாடி, அந்த ஃபைலை வேற ஒருத்தர் போனுக்கு அனுப்பி, அதுல இருக்கற நம்பரை அதுலேர்ந்தே பாத்து டயல் பண்ணச் சொல்லுங்க, உங்க போன் அடிக்கணும். அதுல இருக்கற மெயில் ஐடிய அப்படியே காப்பி பண்ணி ஒரு மெயில் போடச் சொல்லுங்க, உங்களுக்கு வரணும். லிங்க் குடுத்திருந்தா அவங்க போன்ல தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, உங்க போன்ல எப்பவும் லாகின் ஆகியே இருக்கும், அதனால உங்களுக்குத் திறக்கும், அவங்களுக்குத் திறக்காது. அஞ்சு நிமிஷ வேலை. கூடவே தெரியாத நம்பர்லேர்ந்து வர்ற போனைத் தடுக்கற செட்டிங் போட்டிருந்தா வேலை தேடற வரைக்கும் எடுத்துடுங்க, ஸ்பாம் ஃபோல்டரை தினம் ஒரு தடவை பாருங்க.

இந்தக் கதைய என் பழைய ஆபீஸ்ல கூட இருந்த ஒரு அக்காகிட்ட சொன்னேன். அவங்க இப்ப வேற இடத்துல ஆளெடுக்கற டீம்ல இருக்காங்க. இவ்வளவு நாள் அவங்ககிட்ட கேக்காம இருந்ததுக்கு வெட்கம்தான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. அவங்க "ஃபைலை எடுத்துட்டு வா, உன் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறேன்"ன்னு சொல்லி, அவங்க சிஸ்டத்துல ஒரு டெஸ்ட் இடத்துல என் ரெண்டு ரெஸ்யூமையும் ஏத்தினாங்க. ஏடிஎஸ்னு சொல்ற, வர்ற விண்ணப்பத்தையெல்லாம் சேத்து வைக்கற அந்த சாஃப்ட்வேர் என் ஃபைலை வாசிச்சு பேர், போன், வேலை, படிப்புன்னு கட்டம் கட்டமா நிரப்பிக் காட்டும். என் பழைய ஃபைலுக்கு அது நிரப்பினது: முதல் பேர் கரிக்குலம், கடைசிப் பேர் வீட்டே. நான் தலைப்புல பெருசா போட்டிருந்தேனே, அதையே பேருன்னு எடுத்துக்கிச்சு. புது ஃபைலுக்கு போன் கட்டம் காலி, ஏன்னா அந்தப் பட்டை முழுக்க படமா இருந்துச்சு. பக்கத்துல ரெண்டு நெடுவரிசையா இருந்த எழுத்த குறுக்கால வாசிச்சு, பழைய கம்பெனி பேருக்கு நடுவுல என் பொழுதுபோக்கு வந்து உக்காந்திருந்துச்சு. சர்டிஃபிகேட்ங்கற வார்த்தையில நடுவுல ஓட்டை. இங்கிலீஷ்ல எஃப்பும் ஐயும் பக்கத்துல வந்தா சில ஃபான்ட் ரெண்டையும் ஒட்டி ஒரே எழுத்தா போட்டுடும், சில சாஃப்ட்வேர் அத வாசிக்கத் தெரியாம விட்டுடுமாம். நட்சத்திரம் எல்லாம் வெறும் கட்டம் கட்டமா நின்னுச்சு. நான் பாதி மாசச் சம்பளம் குடுத்த அழகு அது.

எல்லா சாஃப்ட்வேரும் இவ்வளவு மோசமில்ல, நல்லா வாசிக்கறதும் இருக்குன்னாங்க, ஆனா எந்த இடத்துல எது இருக்கும்னு நமக்குத் தெரியாதே. வீட்லயே பாத்துக்க ஒரு வழி சொன்னாங்க. பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. மேலேர்ந்து கீழ வரிசையா, வார்த்தை உடையாம வந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. கலங்கி வந்தா அங்கயும் கலங்கித்தான் போகும். ஒரே நெடுவரிசை, சாதாரண ஃபான்ட், டேபிள் வேணாம், டெக்ஸ்ட் பாக்ஸ் வேணாம். பேரும் நம்பரும் வேர்டுல ஹெடர் பகுதிக்குள்ள போகாம பக்கத்தோட உடம்புலயே இருக்கட்டும், சில சாஃப்ட்வேர் ஹெடரையும் ஃபூட்டரையும் பாக்கவே பாக்காது.

நான் கேட்டேன், அப்போ என்னோடத எல்லாம் சாஃப்ட்வேரே தூக்கிப் போட்டுடுச்சா அக்கான்னு. அவங்க சொன்ன பதில் என் தலைய மாத்திடுச்சு. "அது எதையும் தூக்கிப் போடாதும்மா. ஒர்க் பர்மிட் இருக்கா, இத்தனை வருஷ அனுபவம் இருக்கான்னு ஃபார்ம்ல கேள்வி கேப்போம், அதுல இல்லன்னு போட்டா தானா வெளிய போகும், அது மட்டும்தான். மத்தபடி எல்லாமே உள்ளதான் கிடக்கும். எனக்கு நேரமில்லாதப்ப நான் ஒரு வார்த்தையப் போட்டுத் தேடுவேன். அந்த வார்த்தை உன் ரெஸ்யூம்ல இல்லன்னா நீ வரமாட்ட, அவ்வளவுதான்." ஒரு விளம்பரத்தை எடுத்துக் காட்டினாங்க. அதுல இன்வென்டரி கன்ட்ரோல்னு நாலு இடத்துல இருந்துச்சு. என்னோடதுல ஸ்டாக் மெயின்டனன்ஸ். ரெண்டும் ஒரே வேலை, 7 வருஷம் அதைத்தான் பண்ணேன், ஆனா அவங்க தேடினா நான் கிடைக்க மாட்டேன். அவங்க என்ன வார்த்தை சொல்றாங்களோ, நீங்க நிஜமா அந்த வேலை செஞ்சிருந்தீங்கன்னா அதே வார்த்தையப் போடுங்க. சுருக்கமும் விரிவும் ரெண்டுமே ஒரு தடவையாவது வரட்டும், இஆர்பின்னு ஒரு இடத்துல, அதோட முழுப் பேரான என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங் ஒரு இடத்துல. செய்யாததப் போடாதீங்க. ஒருத்தர் எனக்கு, விளம்பரத்தை அப்படியே காப்பி பண்ணி வெள்ளை எழுத்துல கடைசியில ஒளிச்சு வைன்னு சொல்லிக் குடுத்திருந்தார், அதையும் கேட்டேன். அவங்க சிஸ்டம் வெறும் எழுத்தா மாத்திக் காட்டும்போது அந்த வெள்ளையெல்லாம் கறுப்பா வந்து நிக்கும்னாங்க. அதப் பாத்த உடனே மூடிடுவாங்களாம்.

அப்புறம் என் ஃபைலை அவங்க எப்பவும் பாக்கற மாதிரியே பாத்துக் காட்டினாங்க. மவுஸ் எங்க போகுதுன்னு மட்டும் பாருன்னாங்க. முதல்ல கடைசியா பாத்த வேலையோட பதவி, கம்பெனி, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும், அப்புறம் அதுக்கு முந்தின வேலை, கடகடன்னு படிப்பு, முடிஞ்சது. ஆப்ஜெக்டிவ் மேல ஒரு நொடி கூட நிக்கல. லேடர்ஸ்ங்கற வேலைத்தளம் 2018-ல ரெக்ரூட்டர்களோட கண் அசைவ அளந்து பாத்ததுல, முதல் தடவை ஒரு ரெஸ்யூம பாக்கற நேரம் சராசரி 7.4 நொடின்னு வந்துச்சுன்னு பின்னாடி படிச்சேன், 2012-ல அவங்களே பாத்தப்ப 6 நொடி. அக்கா பண்ணத நேர்ல பாத்ததால எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல. அந்த நேரத்துக்குள்ள கண்ணு விழற இடத்துல, அதாவது முதல் பக்கத்தோட மேல் பாதியில, உங்க கடைசி வேலை இருக்கணும். என்னோடது மூணாவது பக்கத்துல இருந்துச்சு.

பிறந்த தேதி, கல்யாணம் ஆச்சா, மதம், உயரம் எல்லாத்தையும் அவங்களே அடிச்சு விட்டாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியாம இருக்கறதுதான் உனக்கு நல்லதுன்னாங்க. அது எவ்வளவு நிஜம்னு 2004-ல வந்த ஒரு ஆய்வு காட்டுது. பொருளாதார ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவுல பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் வந்த விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5000 ரெஸ்யூம அனுப்பி, தகுதி எல்லாம் ஒண்ணா வச்சு பேரை மட்டும் மாத்திப் பாத்திருக்காங்க. வெள்ளைக்காரங்க பேர் மாதிரி இருந்ததுக்கு, கறுப்பினத்தவங்க பேர் மாதிரி இருந்ததவிட 50 சதவீதம் கூடுதலா போன் வந்திருக்கு. பேர் ஒண்ணே இவ்வளவு பண்ணுதுன்னா, கேக்காத விவரத்தை நாமளா ஏன் குடுக்கணும். போட்டோ மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி மாதிரி இடத்துல வைக்கற பழக்கம் இன்னும் நிறைய இருக்கு, அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் வைக்க மாட்டாங்க. நீங்க எங்க அப்ளை பண்றீங்களோ அங்க என்ன வழக்கம்னு பாத்துக்கோங்க.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து வெத்து ஃபைலைத் திறந்து முதல்லேர்ந்து எழுத ஆரம்பிச்சேன். எட்டு நாள் ஆச்சு. கஷ்டமான பகுதி டிசைன் இல்ல, நான் என்னதான் பண்ணேன்னு ஞாபகப்படுத்தறது. என் பழைய ரெஸ்யூம்ல எல்லா வரியும் ரெஸ்பான்சிபிள் ஃபார்னுதான் ஆரம்பிக்கும். ஸ்டாக் பராமரிப்புக்குப் பொறுப்பு, வெண்டர் தொடர்புக்குப் பொறுப்பு. பொறுப்புன்னா நாற்காலில உக்காந்திருந்தேன்னு அர்த்தம், என்ன செஞ்சேன்னு அதுல இல்ல. கூகுள்ல மனிதவளப் பிரிவுக்குத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக் ஒரு சூத்திரம் சொல்லியிருக்கார்: என்ன சாதிச்சேன், எந்த அளவுல, எப்படிச் செஞ்சு. அத வச்சு ஒவ்வொரு வரியையும் கேட்டேன். மாசக் கடைசி ஸ்டாக் எண்ணறதுக்கு முதல்ல நாலு நாள் ஆகும், குடோனே நிக்கும். நான் வந்தப்புறம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல எண்ணாம, அதிகம் ஓடற 300 ஐட்டத்தை மட்டும் வாரா வாரம் பிரிச்சு எண்ண வச்சேன், மாசக் கடைசி எண்ணிக்கை ஒன்றரை நாளுக்கு வந்துச்சு. இது எனக்கு ஒரு பெரிய விஷயமாவே தோணினதில்ல, 7 வருஷமா ரெஸ்யூம்ல ஒரு வார்த்தை இல்ல. இன்டர்வியூக்குக் கூப்பிட்ட எல்லாருமே பின்னாடி முதல்ல கேட்டது இந்த வரியத்தான்.

எண்ணே இல்லாத வேலைன்னு எதுவும் இல்ல, தேடினா கிடைக்கும். எத்தனை பேர், எத்தனை பில், எத்தனை நாள்ல, மாசத்துக்கு எத்தனை தடவை, யாருக்கு ரிப்போர்ட் பண்ணீங்க, முன்னாடி எப்படி இருந்துச்சு அப்புறம் எப்படி ஆச்சு. பழைய மெயில், பழைய அப்ரைசல் ஃபார்ம், கூட வேலை செஞ்சவங்க, இவங்ககிட்ட கேளுங்க. ஆனா உங்க வாயால விளக்க முடியாத எண்ணைப் போடாதீங்க, அடுத்த கேள்வியே அது எப்படி வந்துச்சுன்னுதான் இருக்கும். வேலையில இருக்கறவங்களுக்கு ஒண்ணு, இன்னிக்கே ஒரு நோட்டுல மாசா மாசம் என்ன செஞ்சேன்னு ரெண்டு வரி எழுத ஆரம்பிச்சிடுங்க. வேலை போன அன்னிக்கு மெயிலும் போயிடும், எனக்கு எடுத்துப் பாக்க ஒண்ணுமே இல்லாமப் போச்சு. கம்பெனி ரகசியம் எதையும் எடுத்துட்டு வர வேணாம், நீங்க செஞ்சத உங்க ஞாபகத்துக்கு எழுதினாப் போதும்.

நாலு பக்கம் ரெண்டாச்சு. புதுசா படிச்சு வர்றவங்களுக்கு ஒரு பக்கமே தாராளம், எனக்கு 7 வருஷத்துக்கு ரெண்டு. எல்லாத்தையும் எழுதின ஒரு பெரிய ஃபைல் தனியா வச்சிக்கிட்டேன், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதுலேர்ந்து பொருத்தமானத மட்டும் எடுத்து மேல கொண்டு வருவேன். ஃபைலுக்குப் பேர் வைக்கறதுல கூட கவனமா இருங்க, ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2-ன்னு அனுப்பினா அவங்க டவுன்லோட் ஃபோல்டர்ல அதே பேர்ல இன்னும் பத்து இருக்கும். உங்க பேரும் பதவியும் போதும். அதோட நண்பர்களோட ஃபைலை வாங்கி அதுமேலயே எழுதறவங்க இத கட்டாயம் பாருங்க: பிடிஎஃப்போட ப்ராப்பர்ட்டீஸ்ல டைட்டில், ஆத்தர்னு ரெண்டு இடம் இருக்கும், பிரவுசர்ல திறந்தா டேப்ல அந்த டைட்டில்தான் தெரியும். என் முதல் ஃபைல்ல 7 வருஷமா என் சீனியர் பேர்தான் அங்க இருந்திருக்கு.

கவர் லெட்டர் பத்தி எனக்கு இருந்த எண்ணம் முழுக்கத் தப்பு. ரெஸ்யூம்ல இருக்கறதையே வாக்கியமா எழுதறதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். அது அவங்க விளம்பரத்துக்கு நாம எழுதற பதில். லியனார்டோ டா வின்சி 1482 வாக்குல மிலனோட ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கார். அதுல தூக்கிட்டுப் போற மாதிரி லேசான பாலம் கட்டுவேன், கோட்டைய முற்றுகை போடறப்ப அகழித் தண்ணிய வடிப்பேன், பீரங்கி செய்வேன்னு வரிசையா போகுது. சிற்பம் செய்வேன், ஓவியமும் வரைவேங்கறது கடைசியிலதான் வருது. அவ்வளவு பெரிய ஓவியர், ஆனா எதிர்ல இருக்கறவருக்கு சண்டைக்கு ஆள் தேவை, அதனால அதை முதல்ல வச்சார். அதப் படிச்சப்புறம்தான் நான் எழுதின லெட்டர் எல்லாமே நான், எனக்கு, என் வளர்ச்சின்னு இருந்தது உறைச்சுது.

இப்ப நான் எழுதற முறை இதுதான். முதல் பத்தியில எந்தப் பதவி, எங்க பாத்தேன், ஒரே வரியில நான் யாரு. ரெண்டாவது பத்தியில அவங்க விளம்பரத்துலேர்ந்து முக்கியமான ரெண்டு தேவைய எடுத்து, அத நான் எங்க எப்படி செஞ்சேன்னு நாலஞ்சு வரி. மூணாவதுல ஏன் இந்த இடம், எப்ப சேர முடியும், நன்றி. அரைப் பக்கம் தாண்டாது. எனக்கு வேலை வாங்கிக் குடுத்த லெட்டர்ல ரெண்டாவது பத்தி இப்படி ஆரம்பிக்கும்: "புது குடோனுக்கு மாறும்போது ஸ்டாக் கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேட்டிருந்தீர்கள். 2 வருடம் முன்பு அதே போன்ற மாற்றத்தில் 1,100 ஐட்டங்களை இடம் மாற்றி எண்ணி முடிக்கும் பொறுப்பை நான் எடுத்துச் செய்தேன்." இதுல பெரிய மொழி எதுவும் இல்ல. அனுப்பற மெயில்லயும் உடம்பக் காலியா விட்டு ஃபைலை மட்டும் அனுப்பாதீங்க, லெட்டரையே மெயிலா எழுதுங்க, சப்ஜெக்ட்ல பதவியும் உங்க பேரும். ஏஐ கிட்ட எழுதச் சொல்றவங்களுக்கு நான் சொல்றது, எழுத்துப் பிழை பாக்க வச்சுக்கோங்க, இலக்கணம் திருத்த வச்சுக்கோங்க, ஆனா உங்க வாழ்க்கையில நடந்தது அதுக்குத் தெரியாது. எல்லார் லெட்டரும் ஒரே குரல்ல வருதுன்னு அக்கா சொன்னாங்க, கம்பெனி பேர் போட வேண்டிய இடத்துல கம்பெனி பேர்னே அடைப்புக்குள்ள விட்டு அனுப்பினதையும் பாத்திருக்காங்க.

ஒண்ண சொல்லாம மறைச்சுட்டுப் போக மனசு வரல. அந்த அஞ்சாவது மாசப் பயத்துல, இடைவெளி பெருசா தெரியக் கூடாதுன்னு பழைய வேலைய விட்ட மாசத்தை நாலு மாசம் தள்ளிப் போட்டிருந்தேன். அக்காகிட்டயும் சொல்லல. ஒன்பதாவது மாசம் ஒரு ஆஃபர் வந்துச்சு, நல்ல சம்பளம், சேர வேண்டிய தேதி கூட குறிச்சாச்சு. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பழைய கம்பெனிகிட்ட கேட்டிருக்காங்க, தேதி ஒத்து வரல. ஆஃபரத் திரும்ப வாங்கிட்டாங்க. அவங்க மேல எனக்கு ஒரு சொல்லும் இல்ல. அந்த ஹெச்ஆர் போன்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு, "இடைவெளி எங்களுக்கு ஒரு விஷயமே இல்லைங்க, கேட்டிருந்தா சொல்லியிருப்போம்." அதுக்கப்புறம் உண்மையான மாசத்தைப் போட்டேன். இடைவெளிக்குன்னு ஒரே ஒரு வரி: பிரிவு மூடப்பட்டதால் விலகல், அதன்பின் சப்ளை செயின் சான்றிதழ் படிப்பு. அதுக்கு மேல விளக்கமோ மன்னிப்போ எழுதல, இன்டர்வியூல கேட்டா ரெண்டு வாக்கியத்துல பதில். யாரும் மூணாவது வாக்கியம் கேட்டதில்ல.

கடைசி ரெண்டு மாசத்துல மொத்தமே 23 இடத்துக்குத்தான் அனுப்பினேன். 6 போன், 4 இன்டர்வியூ, 1 வேலை. பழைய சம்பளத்தவிடக் கொஞ்சம் கம்மிதான், ஒத்துக்கிட்டேன். ஆஃபர் வந்த அன்னிக்கு அந்தப் பெரியவருக்கு போன் பண்ணி சொன்னேன், "ரொம்ப சந்தோஷம்மா, இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க இல்ல"ன்னார்.

சேர்ந்து அஞ்சாவது மாசம், எங்க டீமுக்கு ஒரு ஜூனியர் எடுக்கணும்னு 60 ரெஸ்யூம என்கிட்ட குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. அதுல ஒரு பொண்ணோடது நல்லா இருந்துச்சு, ஒரே பக்கம், தெளிவு. நம்பரை டயல் பண்ணா போகல. எண்ணிப் பாத்தா ஒரு டிஜிட் குறைவு. மெயில் ஐடி இருந்துச்சு, "உங்க போன் நம்பர்ல ஒரு டிஜிட் விட்டுப் போயிருக்கு, சரியான நம்பரை அனுப்புங்க, இத வேற எங்கெல்லாம் அனுப்பியிருக்கீங்களோ அங்கயும் உடனே மாத்திடுங்க"ன்னு எழுதினேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. நம்பருக்குக் கீழ ஒரு வரி எழுதியிருந்தா: ரெண்டு மாசமா இதைத்தான் அனுப்பிட்டு இருந்தேன் மேடம்.